கோபுரம் இல்லாத வானம்

2022 ஆகஸ்ட் 18. கலிஃபோர்னியாவில், மான்டரே வளைகுடாவுக்குப் பக்கத்தில் இருக்கும் வாட்சன்வில் என்ற ஊர். ஸ்ட்ராபெர்ரித் தோட்டங்களுக்குப் பெயர்போனது. பிற்பகல் மூன்று மணி ஆகச் சில நிமிடங்கள் இருக்கும்போது அந்த ஊர் விமான நிலையத்துக்கு அருகே, தரையிலிருந்து சுமார் 150 அடி உயரத்தில், இரண்டு சிறிய விமானங்கள் மோதிக்கொண்டன. ஒன்று செஸ்னா 152. ஒற்றை எஞ்சின், இரண்டே இருக்கை, பறக்கக் கற்றுக்கொள்பவர்கள் காலங்காலமாக ஓட்டிப் பழகும் எளிய விமானம். அன்று அதில் ஒருவர் மட்டும் இருந்தார். இன்னொன்று செஸ்னா 340. இரட்டை எஞ்சின், வேகமானது. அதில் இரண்டு பேரும் ஒரு நாயும் இருந்தார்கள். யாரும் பிழைக்கவில்லை.

செய்தியாக இதைப் படிக்கிறவர், "ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கவனிக்கல போல" என்று சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவார். விசாரணை அறிக்கையைப் படித்தால் அப்படிப் போக முடியாது. ஏனென்றால் இருவரும் பேசிக்கொண்டேதான் வந்தார்கள். 340இன் விமானி பத்து மைலுக்கு முன்பே வானொலியில் சொல்லிவிட்டார்: நேராக 20ஆம் எண் ஓடுபாதைக்கு வருகிறேன். 152இன் விமானி ஓடுபாதையைச் சுற்றிவரும் வழக்கமான பாதையில் தான் எங்கே இருக்கிறேன் என்பதைச் சொன்னார். 340 மூன்று மைலில் மறுபடியும் சொன்னது. 152 இறங்குவதற்கு முந்தைய திருப்பத்தில் திரும்புவதாகச் சொன்னது. 340 ஒரு மைலில் மறுபடியும். கடைசியாக 152இன் விமானி, பின்னால் வரும் பெரிய விமானத்தைப் பார்த்துவிட்டேன், ரொம்ப வேகமாக வருகிறாய், நான் இறங்காமல் மேலே போய்விடுகிறேன் என்ற பொருளில் சொன்னார். சில நொடிகளில் எல்லாம் முடிந்தது.

ஒரே அலைவரிசை. ஒரே ஓடுபாதை. இருவரும் உண்மையைத்தான் சொன்னார்கள். பிறகும் மோதினார்கள்.

நம் பேச்சில் அடிக்கடி வரும் ஒரு வாக்கியம் இருக்கிறது: "நான்தான் அப்பவே சொன்னேன்ல?" பொறுப்பைக் கைகழுவுவதற்கு இதைவிட வசதியான வாக்கியம் கிடையாது. சொன்னதோடு என் கடமை முடிந்தது; கேட்பதும் கேட்காததும் உன் பாடு. குரூப்பில் மெசேஜ் போட்டாயிற்று, ப்ளூ டிக்கும் வந்துவிட்டது, இனி எனக்கென்ன? வாட்சன்வில்லின் மேலே நடந்தது இந்த வாக்கியத்தின் மீதான ஒரு விசாரணை என்று எனக்குத் தோன்றுகிறது. சொல்வதோடு நம் கடமை முடிகிறதா?

*

முதலில் இந்த இடங்கள் எப்படி இயங்குகின்றன என்று பார்த்துவிடலாம்.

விமான நிலையம் என்றதும் உயரமான கண்ணாடிக் கோபுரமும், அதற்குள் உட்கார்ந்து "நீ இறங்கு, நீ காத்திரு" என்று சொல்லும் மனிதர்களும் நம் நினைவுக்கு வருவார்கள். அமெரிக்காவில் பொதுமக்கள் பயன்படுத்தக்கூடிய விமான நிலையங்கள் சுமார் 5,000 இருக்கின்றன. அவற்றில் கோபுரம் உள்ளவை ஏறத்தாழ பத்தில் ஒன்றுதான். மற்ற இடங்களில் ஓடுபாதை இருக்கும், காற்றின் திசையைக் காட்டும் துணிக்குழாய் இருக்கும், எரிபொருள் பம்ப் இருக்கும். யார் முதலில் இறங்குவது என்று சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள்.

அதற்குப் பதிலாக ஒரு பழக்கம் இருக்கிறது. ஓடுபாதையைச் சுற்றி, தரையிலிருந்து சுமார் 1,000 அடி உயரத்தில், ஒரு செவ்வகம் இருப்பதாக எல்லோரும் கற்பனை செய்துகொள்கிறார்கள். ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் போகும் நீண்ட பக்கம் 'டவுன்விண்ட்'. அங்கிருந்து ஓடுபாதையை நோக்கித் திரும்பும் குறுகிய பக்கம் 'பேஸ்'. ஓடுபாதைக்கு நேராக வந்து இறங்கும் கடைசிப் பக்கம் 'ஃபைனல்'. வேறு அறிவிப்பு இல்லையென்றால் எல்லாத் திருப்பமும் இடதுபக்கம்தான். இந்தச் செவ்வகம் வானத்தில் எங்கும் வரையப்பட்டில்லை. எல்லோரும் அது இருப்பதாக நடந்துகொள்வதால் மட்டுமே அது இருக்கிறது.

கூடவே ஒரு பொது அலைவரிசை. அதில் ஒவ்வொரு விமானியும் தானாகவே அறிவிப்பார்: ஊர்ப் பெயர், நான் யார், எங்கே இருக்கிறேன், என்ன செய்யப்போகிறேன், மறுபடியும் ஊர்ப் பெயர். ஏன் இரண்டு முறை? பக்கத்து ஊர்களும் பல சமயம் இதே அலைவரிசையில்தான் இருக்கும். தொடக்கம் காதில் விழாதவருக்கு முடிவாவது விழட்டும் என்பதற்காக. இதில் இன்னொரு விஷயம்: இந்த நிலையங்கள் பெரும்பாலானவற்றில் வானொலி கட்டாயமே கிடையாது. மின்சார அமைப்பே இல்லாத பழைய பைபர் கப் போன்ற விமானங்கள் இன்றும் பறக்கின்றன. அவை ஒன்றும் பேசாமல் வந்து இறங்கலாம். அதில் சட்டமீறல் எதுவும் இல்லை.

ஹாப்ஸ் 1651இல் எழுதிய 'லெவியத்தான்' நூலில், எல்லோரையும் அடக்கிவைக்கும் பொதுவான ஓர் அதிகாரம் இல்லாத இடத்தில் மனிதர்கள் ஒருவரோடொருவர் போரில்தான் இருப்பார்கள் என்றார். அவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இப்படி ஒரு நிலையத்தின் வேலியோரம் நிறுத்திவைத்தால் சற்றுக் குழம்பியிருப்பார். அதிகாரி இல்லை. போலீஸ் இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஆனாலும் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக இறங்குகிறார்கள்.

டேவிட் ஹ்யூம் குழம்பியிருக்கமாட்டார். ஒரு படகில் இருவர் துடுப்புப் போடும்போது அவர்களுக்குள் ஒப்பந்தமோ வாக்குறுதியோ இருப்பதில்லை, பொதுவான நலனை உணர்ந்து தாமாகவே ஒத்திசைகிறார்கள் என்பது அவர் காட்டிய உதாரணம். வானத்துச் செவ்வகம் அப்படிப்பட்ட ஒத்திசைவுதான். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஹ்யூமின் படகோட்டிகள் ஒரே படகில் இருக்கிறார்கள். மற்றவரின் துடுப்பு தண்ணீரில் விழுவதை உடம்பாலேயே உணர முடியும். விமானிகளுக்கு அந்த வசதி இல்லை. இருக்கிறாரா என்றே தெரியாத ஒருவரோடு அவர்கள் ஒத்திசைய வேண்டும்.

*

"பார்த்து ஓட்ட வேண்டியதுதானே" என்று நமக்குத் தோன்றும். சட்டமும் அதைத்தான் சொல்கிறது: பார், விலகு. பார்வைக்குத் தடையில்லாத வானிலையில் பறக்கும் ஒவ்வொரு விமானியும் மற்ற விமானங்களைக் கண்டு விலக விழிப்போடு இருக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் கண் இதற்காக உண்டானதில்லை. 1991இல் ஆஸ்திரேலிய விமானப் பாதுகாப்பு விசாரணை அமைப்பு, 'பார்த்து விலகுதல்' என்ற கொள்கையின் வரம்புகளைப் பற்றியே தனியாக ஓர் அறிக்கை வெளியிட்டது.

உங்கள் மேல் மோதப்போகும் விமானம் கண்ணாடியில் நகராது. இருவரும் நேர்கோட்டில், மாறாத வேகத்தில் ஒரே புள்ளியை நோக்கிப் போகும்போது, மற்றவர் உங்கள் பார்வையில் ஒரே இடத்தில் ஒட்டிவைத்த பொட்டு மாதிரி நிற்பார். நகர்கிற பொருளைத்தான் நம் கண் சட்டென்று பிடிக்கும். அசையாத பொட்டு கண்ணாடியில் இருக்கும் அழுக்காகவோ நசுங்கிய பூச்சியாகவோ தெரியும். வெகு நேரம் சிறிதாகவே இருந்துவிட்டு, கடைசிச் சில நொடிகளில் பூப்போல விரிந்து கண்ணாடியை நிறைக்கும். கண்ணில் படாமல் ஒளிந்துகொள்வது போன்ற ஒரு பண்பு ஆபத்துக்கே இருக்கிறது.

வெறும் நீல வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், பற்றிக்கொள்ள எதுவும் இல்லாத கண் தன்னையறியாமல் சில அடி தூரத்திலேயே குவியத் தொடங்கிவிடும். தூரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். போதாக்குறைக்கு விமானத்தின் உடலே மறைக்கும். செஸ்னா 152இன் இறக்கை கூரை மாதிரி விமானியின் தலைக்கு மேலே இருக்கிறது. மேலே வருவது தெரியாது. 340இன் இறக்கை கீழே இருக்கிறது. கீழே இருப்பது தெரியாது. கீழ் இறக்கை விமானம் மேலேயும், மேல் இறக்கை விமானம் கீழேயுமாக இருவரும் இறங்கினால், ஒருவருக்கொருவர் தெரியாமலே ஓடுபாதை வரை சேர்ந்து வரலாம்.

அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் விமானிகளுக்குத் தரும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு பொருள் கண்ணில் பட 0.1 நொடி. அது விமானம் என்று அடையாளம் தெரிய 1 நொடி. அது நம் மேல் மோதும் பாதையில் வருகிறது என்று உணர 5 நொடி. எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவெடுக்க 4 நொடி. கை அசைய 0.4 நொடி. விமானம் அதற்குக் கீழ்ப்படிய 2 நொடி. மொத்தம் 12.5 நொடிகள்.

இந்தக் கணக்கில் என்னை நிறுத்தியது மொத்தத் தொகை இல்லை, அதன் பங்கீடு. கண்ணுக்கும் கைக்கும் ஆகும் நேரம் அற்பம். 12.5இல் 9 நொடிகள் 'இது என்னைப் பற்றியது' என்று புரிவதற்கும் 'நான்தான் ஏதாவது செய்ய வேண்டும்' என்று முடிவெடுப்பதற்கும் போகின்றன. ஒரு மனிதர் தெருவில் விழுவதைப் பார்ப்பதற்கும், போய்த் தூக்குவதற்கும் நடுவில் இருக்கும் இடைவெளியும் இதே வகைதான். கண் வேகமாகப் பார்த்துவிடுகிறது. மனசுதான் மெதுவாக வந்து சேர்கிறது.

இப்போது வாட்சன்வில்லுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 340 தரையை ஒப்பிட்டு 180 நாட் அளவு வேகத்தில், அதாவது மணிக்கு 330 கிலோமீட்டருக்கு மேல் வந்துகொண்டிருந்தது. அந்த வகை விமானம் இறங்க வேண்டிய வேகத்தைவிட இது மிக அதிகம். செஸ்னா 152 இறங்க வரும் வேகம் பொதுவாக 60 நாட் சுமாருக்குத்தான் இருக்கும். மூன்று மடங்கு வித்தியாசம். ஒரு மைல் இடைவெளி அரை நிமிடத்தில் கரைந்துவிடும். "ஒரு மைலில் இருக்கிறேன்" என்று சொல்லி முடிப்பதற்குள்ளேயே அந்த வாக்கியம் பழையதாகிவிடும். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அவர் வந்த வேகத்தில், அந்த உண்மையை வைத்துக்கொண்டு மற்றவர் எதையும் செய்ய நேரமில்லை.

இங்கேதான் 'சொல்லிவிட்டேன்' என்பதன் முதல் ஓட்டை தெரிகிறது. ஒரு தகவலைச் சொல்வது என்றால், கேட்பவர் அதற்கு ஏற்ப நடந்துகொள்ளத் தேவையான அவகாசத்தையும் சேர்த்துத் தருவது என்றுதான் பொருள். அவகாசம் தராமல் சொல்வது வெறும் ஹாரன் அடிப்பது. "வர்றேன், வழி விடு" என்பதன் நாகரிகமான வடிவம், அவ்வளவுதான்.

*

சரி, சட்டப்படி யாருக்கு முன்னுரிமை? சிறு விமானிகள் இதைப் பற்றி நாள்முழுக்கச் சண்டை போடுவார்கள். "ஃபைனல்ல இருக்கறவனுக்குத்தான் ரைட்டு" என்பார் ஒருவர். "பத்து மைலுக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு நானும் ஃபைனல்தான்னு சொல்லுவியா?" என்பார் இன்னொருவர். வரிசையில் சுற்றி வராமல் நேராக வந்து இறங்குவதற்குச் சட்டத்தில் தடையில்லை. சுற்றி வருபவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் வர வேண்டும் என்பது பரிந்துரை.

இந்தச் சண்டையை விட்டுவிட்டு, அமெரிக்க விமானப் போக்குவரத்து விதிகளில் 91.113 என்ற எண்ணுள்ள பிரிவை மெதுவாகப் படித்தால் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. ஆபத்தில் சிக்கிய விமானத்துக்கு மற்ற எல்லாவற்றையும்விட முன்னுரிமை. வேறு வேறு வகை விமானங்களின் பாதைகள் குறுக்கிட்டால் பலூனுக்கு முன்னுரிமை. பலூனால் திரும்ப முடியாது, காற்று போகும் பக்கம்தான் போகும். எஞ்சின் இல்லாத கிளைடருக்கு எஞ்சின் உள்ளவை வழிவிட வேண்டும். ஒருவர் இன்னொருவரை முந்தினால், முந்தப்படுபவருக்கு முன்னுரிமை. அவருக்குத்தான் முதுகில் கண் இல்லையே. இரண்டு விமானங்கள் ஒரே நேரத்தில் இறங்க வந்தால், தாழ்வாக இருப்பதற்கு முன்னுரிமை.

ஒரு வரிசை தெரிகிறதா? விலகும் சக்தி யாருக்குக் குறைவோ அவருக்கு வழி. யாருக்கு அதிகமோ அவருக்குக் கடமை. பணக்காரருக்கும் பெரிய விமானத்துக்கும் அவசரக்காரருக்கும் அங்கே தனி இடம் கிடையாது. ஊரில் பெரிய வண்டிக்கு மற்றவர்கள் ஒதுங்குகிற வழக்கத்தை, சட்டம் காகிதத்திலாவது தலைகீழாக்கி வைத்திருக்கிறது.

அதைவிட முக்கியமானது அடுத்த வரி. தாழ்வாக இருப்பவருக்கு முன்னுரிமை என்று சொல்லிவிட்டு, அந்த விதியைச் சாதகமாக்கிக்கொண்டு இன்னொருவர் முன்னால் போய் நுழையக்கூடாது என்று சட்டம் சேர்த்துச் சொல்கிறது. அதாவது, உனக்கு ஓர் உரிமை இருக்கிறது, ஆனால் நீயாக அதை எடுத்துக்கொள்ளக்கூடாது. மற்றவர் கொடுக்க வேண்டும். 'ரைட் ஆஃப் வே' என்பதை 'வழி உரிமை' என்று மொழிபெயர்த்து நாம் அதைச் சொத்துபோல நினைக்கிறோம். அந்தப் பிரிவு முழுவதும் பேசுவது யார் கொடுக்க வேண்டும் என்பதைப் பற்றித்தான்.

சிமோன் வெய் இதைப் பார்த்திருந்தால் தலையாட்டியிருப்பார் என்று நினைக்கிறேன். 1943இல், தன் 34ஆவது வயதில், இங்கிலாந்தில் இறந்துபோன பிரெஞ்சு சிந்தனையாளர். அந்தக் கடைசி மாதங்களில் அவர் எழுதி, 1949இல் புத்தகமாக வந்த படைப்பு ஒரு விசித்திரமான வாதத்தோடு தொடங்குகிறது: கடமைதான் முதலில், உரிமை அதற்குப் பின்னால். மற்றவர் தன் கடமையை ஏற்றுக்கொள்ளாதவரை என் உரிமை வெறும் சொல். ஆனால் மற்றவர் ஏற்றாலும் ஏற்காவிட்டாலும் என் கடமை கடமையாகவே இருக்கும். முதல்முறை படிக்கும்போது இது கொஞ்சம் பழமைவாதமாகக்கூடத் தோன்றும். உரிமைகளுக்காக இவ்வளவு போராடிய பிறகு, கடமையைப் பேச வந்துவிட்டாரே என்று. 150 அடி உயரத்தில் வைத்து யோசித்தால் அவர் சொல்வது புரிகிறது. அங்கே என் முன்னுரிமையை நிலைநாட்ட நீதிமன்றம் இல்லை. எனக்கு வழி இருக்கிறது என்பது, என்னைப் பார்த்து ஒருவர் விலகும்போது மட்டுமே உண்மையாகிறது.

*

கேட்பதைப் பற்றி இன்னும் பேசவில்லை. அதற்கு 1996 நவம்பர் 19 அன்று இல்லினாய் மாநிலத்தின் குவின்சியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அந்த விபத்து தரையில், குறுக்கே வெட்டிச் செல்லும் இரண்டு ஓடுபாதைகளின் சந்திப்பில் நடந்தது. ஆனால் கோபுரம் இல்லாத இடத்தின் சிக்கலை அதைவிடத் துல்லியமாகக் காட்டும் சம்பவம் எனக்குத் தெரியாது.

அந்தி நேரம். யுனைடெட் எக்ஸ்பிரஸ் பெயரில் பறந்த பீச்கிராஃப்ட் 1900 பயணிகள் விமானம் 13ஆம் எண் ஓடுபாதையில் இறங்க வந்துகொண்டிருக்கிறது. குறுக்கே செல்லும் 4ஆம் எண் ஓடுபாதையின் முனையில் ஒரு கிங் ஏர் விமானம் புறப்படத் தயாராக நிற்கிறது. அதற்குப் பின்னால், தன் முறைக்காகக் காத்திருக்கிறது ஒரு சின்ன செரோக்கி. பயணிகள் விமானத்திலிருந்து கேட்கிறார்கள்: 4ஆம் எண்ணில் நிற்கும் விமானமே, நிற்கப்போகிறாயா, கிளம்பப்போகிறாயா? கிங் ஏரிலிருந்து பதில் இல்லை. செரோக்கி விமானி பதில் சொல்கிறார். தான் புறப்படுவதற்காகக் காத்திருப்பதாகச் சொல்லி, கடைசியில் கிங் ஏரைக் குறிப்பிடுகிறார். அந்தக் கடைசிப் பகுதி வரும் நேரத்தில் பயணிகள் விமானத்துக்குள் தரை நெருங்குவதைச் சொல்லும் எந்திரக் குரல் "இருநூறு" என்று உயரத்தை அறிவிக்கிறது. 'கிங் ஏர்' என்ற சொல் அந்தக் குரலுக்குள் மூழ்கிவிடுகிறது. காத்திருப்பதாகச் சொன்னது கிங் ஏர்தான் என்று நினைத்து, நன்றி சொல்லிவிட்டு இறங்குகிறார்கள். கிங் ஏர் கிளம்புகிறது.

இரண்டிலும் இருந்த 14 பேரும் இறந்தார்கள். பயணிகள் விமானத்தில் இருந்தவர்கள் மோதலில் இறக்கவில்லை. ஓடிவந்தவர்களால் கதவைத் திறக்க முடியவில்லை. உள்ளே இருந்தவர்களைப் புகையும் தீயும் கொன்றன.

விசாரணை, கிங் ஏரில் இருந்தவர்கள் பொது அலைவரிசையைச் சரியாகக் கவனிக்கவில்லை அல்லது சுற்றிலும் சரியாகப் பார்க்கவில்லை என்பதை முதன்மைக் காரணமாகச் சொன்னது. செரோக்கியின் இடையில் மறைந்த பதிலும், அதை கிங் ஏரின் பதிலாக எடுத்துக்கொண்டதும் துணைக் காரணம்.

இதில் கெட்டவர் யார்? கேட்டவர்கள் கேட்க வேண்டியதைக் கேட்டார்கள். பதில் சொன்னவர் உதவத்தான் சொன்னார். யாரோ ஒருவர் காற்றில் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும்போது சும்மா இருக்க முடியாத நல்ல மனசு அது. ஆனால் கேள்வி அவருக்கானது இல்லை. மௌனம் அந்த இடத்தில் மௌனமாகவே இருந்திருந்தால், அந்த மௌனமே ஓர் எச்சரிக்கையாக இருந்திருக்கும். "பதில் வரல, எதுக்கும் ஒரு சுத்து சுத்திட்டு வருவோம்" என்று விமானி மேலே போயிருக்கக்கூடும். உதவும் குரல் அந்த வெற்றிடத்தை நிரப்பிவிட்டது. கேட்டவர்கள் பக்கமும் ஒன்று இருக்கிறது. நாம் எதிர்பார்த்த பதில் வந்துவிட்டால், அது யாரிடமிருந்து வந்தது என்று பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம். சில சமயம் கேட்பது என்பது, நம் காதில் விழ வேண்டும் என்று நாம் ஏற்கெனவே முடிவு செய்ததை உறுதிப்படுத்திக்கொள்வதாக மட்டும் ஆகிவிடுகிறது.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பழக்கமும் உண்டு. பல விமானிகள் நிலையத்தை நெருங்கும்போது, "இந்தப் பக்கம் யாராவது இருந்தால் தெரிவிக்கவும்" என்று பொதுவாகக் கேட்பார்கள். அமெரிக்க விமானிகளுக்கான அதிகாரப்பூர்வக் கையேடு, எந்தச் சூழ்நிலையிலும் இப்படிக் கேட்கக்கூடாது என்று சொல்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் மரியாதையான கேள்விதான், ஏன் இந்தக் கண்டிப்பு? ஒரு காரணம் நடைமுறை: ஐந்து பேர் ஒரே நேரத்தில் பதில் சொன்னால் யாருக்கும் எதுவும் கேட்காது. ஆனால் ஒழுக்கம் சார்ந்த காரணமும் உள்ளே இருக்கிறது. அமைதியாகக் கேட்டுக்கொண்டே வந்திருந்தால், யார் எங்கே இருக்கிறார்கள் என்பது அவருக்கே தெரிந்திருக்கும். அந்த வேலையைச் செய்யாமல், கடைசி நேரத்தில் உள்ளே வந்து, "எல்லாரும் எனக்காக மறுபடி சொல்லுங்க" என்கிறார். வானொலி இல்லாத பழைய விமானம் பதில் சொல்லாது. அதை யாரும் இல்லை என்று எடுத்துக்கொள்வார். தன் கவனத்தின் சுமையை மற்றவர்கள் தோளில் ஏற்றிவைக்கும் கேள்வி அது.

*

இதற்கெல்லாம் தத்துவம் எதற்கு, எல்லா இடத்திலும் கோபுரம் கட்டினால் போகிறது என்று சொல்லலாம். நியாயமான எதிர்வாதம். 1956 ஜூன் 30 அன்று கிராண்ட் கேன்யனுக்கு மேலே இரண்டு பெரிய பயணிகள் விமானங்கள் மோதி 128 பேர் இறந்தார்கள். யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லாத வானத்தில், 'பார்த்து விலகு' என்ற விதியை நம்பிப் பறந்தவை அவை. அந்த அதிர்ச்சி 1958இல் புதிய விமானப் போக்குவரத்து அமைப்பு உருவாக ஒரு முக்கியக் காரணமானது. மேலே ஒருவர் இருப்பதால் எத்தனையோ உயிர்கள் தப்பியிருக்கின்றன. அதை மறுப்பது முட்டாள்தனம். ஒருவரின் இருப்பிடத்தை மற்றவருக்கு அறிவிக்கும் கருவிகளையும் அப்படித்தான் சொல்ல வேண்டும். 2020 முதல் அமெரிக்காவில் நெரிசலான வான்பகுதிகளில் அவை கட்டாயம். மற்ற இடங்களிலும் பலர் பொருத்திக்கொள்கிறார்கள். நல்லதுதான்.

ஆனால் மேலே ஒருவர் இருந்தாலும் 'பார்ப்பது' என்ற கடமை முழுதாகக் கைமாறிவிடுவதில்லை. 2025 ஜனவரி 29 இரவு வாஷிங்டனில், கோபுரம் இருக்கும் விமான நிலையத்தின் அருகே, ராணுவ ஹெலிகாப்டரும் பயணிகள் விமானமும் மோதி 67 பேர் இறந்தார்கள். எதிரே வரும் விமானம் தெரிகிறது, நாங்களே பார்த்து விலகிக்கொள்கிறோம் என்று ஹெலிகாப்டரிலிருந்து சொல்லியிருந்தார்கள். எந்த ஒளியைப் பார்த்துச் சொன்னார்களோ. அதிகாரம் இருந்த இடத்திலும், கடைசியில் எல்லாம் ஒரு மனிதர் இன்னொருவரை உண்மையிலேயே பார்த்தாரா என்ற கேள்வியில்தான் வந்து நின்றது.

வாட்சன்வில்லுக்கே திரும்பினால் இதைவிடக் கடினமான ஓர் எதிர்வாதம் இருக்கிறது. வழிவிடுவதுதான் அறம் என்கிறேன். ஆனால் செஸ்னா 152இன் விமானி வழிவிட்டாரே? வழக்கமான பாதையில் வந்தார். தன் இடத்தைச் சொன்னார். பின்னால் வருவதைப் பார்த்தார். உனக்கு எனக்கு என்று சண்டை போடாமல், இறங்குவதையே விட்டுக்கொடுத்து மேலே போக முயன்றார். அவரும் செத்துப்போனார். விசாரணை அமைப்பு, 340இன் விமானி சிறு விமானத்தைக் கண்டு விலகத் தவறியதைத்தான் காரணமாகச் சொன்னது. அந்தத் தீர்ப்பு 152இன் விமானிக்கு என்ன தந்துவிடும்?

இதற்கு ஆறுதலான பதில் என்னிடம் இல்லை. விட்டுக்கொடுத்தவன் கெட்டுப்போவதில்லை என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்ள முடியாது. இங்கே விட்டுக்கொடுத்தவர்தான் இறந்தார். கோபுரம் இல்லாத இடத்தில் ஒருவருடைய அறம் அவரைக் காப்பாற்றாது. அது மற்றவரைத்தான் காப்பாற்றும். என்னைக் காப்பாற்றப்போவது என் கவனம் மட்டும் இல்லை, எனக்கு முகம் தெரியாத ஒருவரின் கவனமும்தான். அதை என்னால் வாங்க முடியாது, கட்டாயப்படுத்த முடியாது, சம்பாதிக்கவும் முடியாது. என் பங்குக்கு நான் அதை இன்னொருவருக்குத் தர மட்டும் முடியும். இந்தச் சமமின்மை எரிச்சலூட்டக்கூடியது. ஆனால் எல்லாரும் "மொதல்ல அவன் பாக்கட்டும்" என்று இருந்துவிட்டால் அந்தச் செவ்வகம் ஒரே நாளில் காணாமல் போய்விடும்.

அதனால்தான் 340இன் விமானியை வில்லனாக்குவதிலும் எனக்குச் சம்மதமில்லை. அவர் சட்டத்தை மீறி நேராக வரவில்லை. ஒளிந்து வரவுமில்லை. அறிவித்துக்கொண்டே வந்தார். நம்மில் பெரும்பாலானோர் செய்கிற தவறுகள் அந்த வகைதான். தடைசெய்யப்படாத ஒன்றை, எல்லாருக்கும் சொல்லிவிட்டு, கொஞ்சம் அதிக வேகத்தில் செய்கிறோம். "இதுல என்ன தப்பு?" என்று கேட்டால் சட்டப் புத்தகத்தில் பதில் இருக்காது. தப்பு வேகத்தில் இருக்கிறது. மற்றவர் நம்மைப் புரிந்துகொள்ளத் தேவையான அந்த ஒன்பது நொடிகளை நாம் அவருக்கு விட்டுவைக்கவில்லை என்பதில் இருக்கிறது.

*

சிமோன் வெய்யின் அதே வாதத்தில் இன்னொரு பகுதி உண்டு. உலகத்தில் ஒரே ஒரு மனிதன் மட்டும் மிஞ்சியிருந்தால் அவனுக்கு உரிமைகள் எதுவும் இருக்காது, ஆனால் கடமைகள் இருக்கும் என்கிறார். எனக்கு இது நெடுநாள் புரியாமல் இருந்தது. யாருமே இல்லாத இடத்தில் யாருக்குக் கடமை?

விடிகாலையில் ஏதோ ஒரு சின்ன ஊரின் ஓடுபாதையை நோக்கி ஒரு விமானம் வருகிறது. கீழே வண்டிகள் இல்லை, அலைவரிசையில் அரைமணி நேரமாக ஒரு குரலும் இல்லை. சட்டம் அவரைப் பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை. சுற்றாமல் நேராக இறங்கினால் எரிபொருளும் நேரமும் மிச்சம். நன்றாகப் பழகிய விமானி அப்போதும் செவ்வகத்தைச் சுற்றி வருவார். டவுன்விண்டில் ஒரு முறை, பேஸில் ஒரு முறை, ஃபைனலில் ஒரு முறை பேசுவார். ஊர்ப் பெயரைத் தொடக்கத்திலும் சொல்வார், முடிவிலும் சொல்வார். சொல்லிவிட்டுப் பொத்தானிலிருந்து விரலை எடுத்து, பதில் வருகிறதா என்று கேட்பார். தலையை முன்னும் பின்னும் அசைத்து, இறக்கைக்கு அந்தப் பக்கம் மறைந்திருக்கக்கூடிய வானத்தை ஒரு முறை தேடுவார். பிறகுதான் இறங்குவார்.